பெண்கள் பேச வழி செய்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் கருத்தறியும் கூட்டங்களுக்குக் கைகொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. உங்கள் பாதுகாப்பை எண்ணிப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

முதல் நன்றி, பக்கத்து அறையில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு. ஆண்களைப் போர் கொண்டுபோன வீட்டில் சம்பாத்தியமும் சமையலும் முதியவர் பராமரிப்பும் ஒருத்தி தலையில்தான். அவள் வராவிட்டால் 'ஆர்வமில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளையை விட்டுவர இடமில்லை என்பதே உண்மை.

வாகனம் ஓட்டியவர்களே, சோதனைச் சாவடி மூடுமுன் வீடு சேர வேண்டுமே என்ற பதற்றத்தில் யாருக்கும் பேச்சு வராது. மதியம் 2 மணிக்குள் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டீர்கள்.

கூட்டம் நடத்தியவர்கள் 10, 12 பேராக வட்டமாக உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் பெண்கள் தனியாகப் பேசிய பிறகே பொதுக்கூட்டம். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் மட்டும். பட்டியல் யார் கைக்குப் போகுமோ என்ற பயம் இருந்தால் வாய் திறக்காது.

குறிப்பெடுத்தவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். "என் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்று ஒரு தாய் சொல்வது, அறிக்கையில் "மகன் காணாமல் போனார்" என்று மாறிவிடுவது வழக்கம். பிடித்துப் போனவர்கள் அந்த வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். நீங்கள் அவள் வாய்ச்சொல்லை அப்படியே எழுதினீர்கள். உறவினர்களை மொழிபெயர்க்க விடாமல் பெண் மொழிபெயர்ப்பாளர்களை அழைத்ததும் நீங்களே. பாலியல் வன்முறையை வீட்டார் எதிரில் எவளால் சொல்ல முடியும்?

சட்ட உதவி செய்தவர்களுக்கும் நன்றி. மரணச் சான்றிதழ் இல்லாமல் கணவன் பேரிலுள்ள நிலமும் வங்கிக் கணக்கும் முடங்கிக் கிடக்கின்றன. அந்தச் சான்றிதழை வாங்கினால் காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடுவது நின்றுவிடும் என்று பல மனைவிமார் மறுக்கிறார்கள். இறந்ததாக அறிவிக்காமலே காணாமல் ஆக்கப்பட்டவரின் நிலையைப் பதியும் சட்டத்தை அர்ஜென்டினா 1994-இல் கொண்டுவந்தது. அந்த வழியை நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள்.

அமைதிப் பேச்சில் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325-ஆம் தீர்மானம் 2000-லேயே சொன்னது. ஆனாலும் 2003-இல் லைபீரியப் பெண்கள் கானாவின் தலைநகர் அக்ராவில் தங்கள் நாட்டு அமைதிப் பேச்சு நடந்த மண்டப வாசலை மறித்து உட்கார வேண்டியிருந்தது. பெண்களின் கோரிக்கைகளை அமைதிப் பேச்சுமேசைக்கு எடுத்துச் சென்றவர்களே, அவற்றைச் சுருக்காமல் கொடுத்தீர்கள். கொடுக்குமுன் முழுவதையும் பெண்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்தச் சொன்ன இடங்களைத் திருத்தினீர்கள். அந்தப் பிரதி இப்போது அவர்கள் கையிலும் இருக்கிறது.

நன்றியுடன்,
கூட்ட ஒருங்கிணைப்புக் குழுவினர்