எங்கேயோ முள், எங்கேயோ நெறி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் உணவுகள் பற்றிப் படித்தேன். இஞ்சி, மஞ்சள் எல்லாம் இருந்தன; நெல்லிக்காய்க்குத் தனிப் பெட்டிச் செய்தியே போட்டிருந்தீர்கள். சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் அந்தச் சக்தி உடம்பில் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. தேள் எங்கேயோ கொட்ட, நெறி எங்கேயோ கட்டியதாம் என்று சொல்கிறோமே, பாதிக் கதை அதிலேயே இருக்கிறது.

போன மாதம் வயலுக்குப் போனபோது குதிகாலில் கருவேல முள் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுட்டது. மூன்றாம் நாள் தொடை இடுக்கில் சுண்டைக்காய் அளவுக்கு நெறி கட்டிக்கொண்டு, நடந்தால் இழுத்தது. 31 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் நான். பழக்கதோஷம், ரத்தம் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் வெள்ளணு 14,000! வழக்கமாக 11,000-ஐத் தாண்டக் கூடாது. உடம்பு ஆள் கூட்டியிருக்கிறது.

முள் ஏறிய இடத்துக்கு முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். கிருமியை விழுங்கிவிட்டு அங்கேயே செத்தும் போகும். சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் பெரும்பங்கு இவற்றின் பிணம்தான். இந்த வேலையை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததும் ஒரு முள்தான். 1882-இல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகாஃப் என்ற விஞ்ஞானி, கண்ணாடி போலிருக்கும் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். விடிந்ததும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, காலில் முள் குத்தினால் இடுக்கில் ஏன் வீங்க வேண்டும்? ரத்தத்துக்குப் போலவே, உடம்பின் தசைகளுக்கிடையே கசியும் நிணநீர் என்ற நீருக்கும் மெல்லிய குழாய்கள் உண்டு. காலில் கசியும் நீர் அவற்றின் வழியே மேலேறி, இடுக்கிலிருக்கும் கணுக்கள் என்ற சிறு முடிச்சுகளில் வடிகட்டப்படுகிறது. கிருமியின் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு சில அணுக்களும் அங்கே வந்து சேர்கின்றன. அந்தத் துண்டுக்குப் பொருந்துகிற லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணு லட்சத்தில் ஒன்று இருந்தால் பெரிது. ஆனால் அது அகப்பட்டுவிட்டால் இரண்டு நாலாகி, நாலு எட்டாகிப் பெருகத் தொடங்கிவிடும். கணு வீங்குவதும் வலிப்பதும் அங்கே நடக்கிற இந்த அமளியால்தான். கைப்புண் என்றால் அக்குளில் கட்டும், சொத்தைப்பல் என்றால் தாடைக்கு அடியில்.

என் பாட்டி நெறிக்கு விளக்கெண்ணெய் தடவி உருவிவிடுவார். இந்தத் தடவை என் மனைவியும் கிண்ணத்தோடு வந்து நின்றாள். வேண்டாம் என்றேன். கவனிக்க வேண்டியது புண்ணை. டாக்டர் குதிகாலைக் கீறி, உள்ளே ஒடிந்து கிடந்த முள்முனையை எடுத்துவிட்டு டெட்டனஸ் ஊசியும் போட்டார். அப்புறம் ஒரு வாரத்தில் நெறி தானாக அமுங்கிவிட்டது.

எல்லா நெறியும் இவ்வளவு சாது இல்லை. எங்கள் கும்பகோணம் பக்கம் நெறியும் குளிர்காய்ச்சலும் திரும்பத் திரும்ப வந்தால் யானைக்கால் என்று பயப்படுவோம். யானைக்காலை உண்டாக்கும் புழு குடியிருப்பது இதே நிணநீர்க் குழாய்களில். அதன் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல்ரத்தத்துக்கு வரும் என்பதால், டார்ச் லைட்டோடு வீடு வீடாகப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி, திட்டும் வாங்கியிருக்கிறேன். கழுத்தில் வலியே இல்லாமல் வாரக்கணக்கில் கட்டி நின்றால் காசநோயாகவும் இருக்கலாம். பழைய ஆட்கள் கண்டமாலை என்பார்கள். இந்த இரண்டையும் பற்றி ஒரு டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். நெல்லிக்காய்க்குக் கொடுத்த இடமே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
கும்பகோணம்