‘கழுவலாம்’ என்று டப்பாவில் போட்ட பெயிண்ட் பற்றிய புகார்

அனுப்புநர்:
மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் உங்கள் பழைய வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

பொருள்: மேட் (பளபளப்பில்லாத) எமல்ஷன் பெயிண்ட் துடைத்ததும் நிறம் விட்டது, டச்-அப் செய்ய (கெட்ட இடத்தை மட்டும் தொட்டு அடிக்க) வாங்கிய டப்பாவின் நிறம் சேராதது, உங்கள் ஆய்வாளர் கொடுத்த அறிக்கை தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பதினோரு வருஷமாக உங்கள் பெயிண்டைத்தான் வாங்கி அடிக்கிறேன். இதுவரை ஒரு வரி புகார் எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் சுவர் பாழானது மட்டும் இல்லை. உங்கள் டப்பாவில் இருந்த ஒரு சொல்லை நம்பி, தப்பே செய்யாத ஒரு குடும்பத்தின் முன்பணத்தில் கை வைக்கப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விஷயம் புரியும். சொந்த வீட்டுக்கு நிறம் பார்ப்பது வேறு, வாடகை வீட்டுக்குப் பார்ப்பது வேறு. என் மூன்று வீடுகளுக்கும் ஒரே வெளிர் சந்தன நிறம், ஒரே குறியீடு. ஒரு வீட்டில் மிஞ்சிய அரை டப்பா இன்னொரு வீட்டுக்கு ஆகும். கூரைக்கு வெள்ளை, அதை இரண்டு குடித்தனத்துக்கு ஒருமுறைதான் தொடுவேன். ஆள் மாறும்போது கை பட்ட இடம், ஆணி அடித்த இடம், கட்டில் உரசிய இடம் இவற்றை மட்டும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, லேசாகத் தொட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பெயிண்ட் விலை எனக்குப் பெரிசில்லை. ஆள் கூலியும், வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களும்தான் கையைக் கடிக்கும். ஒரு வீட்டை முழுசாக அடித்துக் காயவிட்டு ஒப்படைப்பதற்குள் பத்துப் பதினைந்து நாள் ஓடிவிடுகிறது. தொட்டு ஒப்பேற்றினால் இரண்டே நாள்.

இதற்கு முன்னால் உங்களுடைய லேசான பளபளப்புள்ள ரகத்தை அடித்துக்கொண்டிருந்தேன். அது நன்றாகவே உழைத்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்தால் கறை போகும், நிறம் போகாது. ஒரே குறை, டச்-அப் செய்த இடம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். இதைக் கடையில் சொன்னபோதுதான் உங்கள் விற்பனைப் பிரதிநிதி புதிய மேட் ரகத்தைக் காட்டினார். டப்பாவின் நெற்றியில் இரண்டே வாசகம்: ‘கழுவலாம்’, ‘டச்-அப் தெரியாது’. வாடகைக்கு விடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய ரகத்தைவிட விலை கூடுதல்தான், சரி என்று வாங்கிவிட்டேன்.

வேலையிலும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அது பத்து வருஷப் பழைய சுவர். புதுப்பூச்சு இல்லை, சுண்ணாம்புக் காரம் மேலே வந்து பெயிண்டைக் கெடுக்க வழியில்லை. பழைய பளபளப்பை உப்புத்தாளால் மங்கலாக்கி, தூசி துடைத்து, பிரைமர் ஒரு கோட், உங்கள் பெயிண்ட் இரண்டு கோட். டப்பாவின் முதுகில் போட்டிருந்த அளவுக்குமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவிடாமல், அளவுக் குவளையோடு நானே பக்கத்தில் நின்றேன். பெயிண்டருக்கு அதில் என்மேல் கோபம்கூட. கடைசிக் கோட் அடித்து ஐந்து வாரம் கழித்துத்தான் ஆள் குடிவந்தார்கள். எமல்ஷன் முழு உறுதிக்கு வர நான்கு வாரம் வரை ஆகலாம் என்பது தெரிந்துதான் விட்டுவைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்யும்போது வீட்டைப் பார்க்கப் போனேன். கூடத்தில் சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு முழத்துக்கு வெளுத்து, நடுவில் பிரைமரின் வெள்ளை எட்டிப் பார்த்தது. நடையில் குழந்தைகள் உயரத்துக்கு ஒரு நீளப் பட்டை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் நத்தை ஊர்ந்த தடம்போல மினுங்கியது. சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் திட்டுத்திட்டாக நிறம் இல்லை. “எதைப் போட்டும்மா தேய்ச்சீங்க?” என்று கேட்டேன். கேட்ட தொனி நன்றாக இருந்திருக்காது. அந்த அம்மா பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய பருத்தித் துணியை நனைத்துக் கொண்டுவந்து, சுவிட்சுக்குக் கீழே ஒரு விரல் அழுக்கை என் கண் முன்னாலேயே மெதுவாகத் துடைத்துக் காட்டினார். அழுக்கு போனது. துணியைத் திருப்பிக் காட்டினார். என் வீட்டுச் சந்தன நிறம் துணியில் இருந்தது.

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ‘கழுவலாம் என்று கம்பெனியே போட்டிருக்கிறான், இவர்கள் பாத்திரம் தேய்க்கும் நாரைப் போட்டிருப்பார்கள்’ என்றுதான் மனம் சொன்னது. முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். மறுநாள் தனியாகப் போய், யார் கையும் படாத இடமாகப் படுக்கையறைக் கதவின் பின்பக்கச் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். புது ஸ்பாஞ்ச், ஒரு குவளைத் தண்ணீர், அதில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு. எண்ணிக்கொண்டே தேய்த்தேன், அழுத்தவில்லை. இருபத்தைந்தாவது தேய்ப்பில் ஸ்பாஞ்சில் நிறம் ஏறியது. நாற்பதுக்குள் பிரைமர் தெரிந்தது. எண்ணும் குரலோடு எடுத்த வீடியோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முன்பணம் முழுவதையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் உங்கள் ஆய்வாளர் வந்தார். பன்னிரண்டு நிமிடம் இருந்தார். இரண்டு முள் உள்ள ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்த்து ‘ஈரம் இல்லை’ என்று அவரே சொன்னார். ஆனால் அறிக்கையில் இருப்பது வேறு: ‘முறையற்ற பயன்பாடு, அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு.’ வாய்ப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு உத்தரவாதத்தை மறுத்துவிட்டீர்கள். தண்ணீர் கூடிப்போயிருந்தால் சுவரில் வழிந்த கோடு இருக்கும், அடியில் இருந்த நிறம் மேலே தெரியும், இரண்டு கோட்டில் மூடியிருக்காது. இதில் எதையாவது அவர் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இன்னொன்று, குளியலறைக்குப் பின்புறச் சுவரில் உப்புப் பூத்துப் பெயிண்ட் உரிந்திருக்கிறது. அது குழாய்க் கசிவால் வந்த ஓதம், உங்கள் குற்றம் இல்லை. குழாயை மாற்றியாயிற்று, சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுவரை நான் இந்தப் புகாரில் சேர்க்கவே இல்லை. உங்கள் ஆய்வாளர்தான் அதைப் படமெடுத்து அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார். அதை நீக்கச் சொல்லுங்கள்.

இனி பெயிண்டுக்கு வருகிறேன். உங்கள் ஆட்களுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லப்போவதில்லை. மேட் பெயிண்டில் நிறப்பொடியும் நிரப்புப்பொடியும் கூடுதல், அவற்றைப் பிடித்துவைக்கும் பிசின் குறைவு. பொடி மேலே துருத்திக்கொண்டு நிற்பதால்தான் வெளிச்சம் சிதறி மங்கலாகத் தெரிகிறது, டச்-அப்பும் மறைகிறது. தேய்த்தால் அந்தப் பொடி முதலில் மழுங்கும், அதுதான் நடையில் தெரிந்த மினுக்கம். மேலும் தேய்த்தால் உதிரும், அதுதான் துணியில் ஒட்டிய சந்தனம். பளபளப்பு ரகத்தில் பிசின் கூடுதல். தேய்ப்பைத் தாங்கும், ஆனால் டச்-அப் காட்டிக்கொடுக்கும். சாதாரண ரகங்களில் ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். நல்ல பிசின் போட்டு இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தருகிற மேட் பெயிண்டுகளும் உண்டு, மறுக்கவில்லை. அப்படிச் செய்கிறவர்கள் அதை எண்ணில் போடலாமே?

எண் இல்லாமல் இல்லை. ஐஎஸ்ஓ 11998 என்ற சோதனை இதற்கென்றே இருக்கிறது. பெயிண்டை 28 நாள் காயவிட்டு, ஈரத்தோடு 200 தடவை தேய்த்து, படலம் எத்தனை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேய்ந்தது என்று அளக்கிறார்கள். இஎன் 13300 என்ற ஐரோப்பியத் தரநிலை அதை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. 5 மைக்ரானுக்குக் கீழே தேய்ந்தால் முதல் வகுப்பு, 20-க்குக் கீழே என்றால் இரண்டாவது, 70-க்குக் கீழே என்றால் மூன்றாவது. நான்காவதும் ஐந்தாவதும் 200 தடவைக்கே போவதில்லை, 40 தடவையோடு நிறுத்தி அளப்பவை. என் ஸ்பாஞ்சு சோதனை ஆய்வகச் சோதனை அல்ல, அதை இதோடு ஒப்பிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ‘கழுவலாம்’ என்று போட்ட உங்களிடம் இந்த எண் இருந்தே ஆக வேண்டும். டப்பாவில் தேடினேன், இல்லை. தொழில்நுட்பக் குறிப்பு கேட்டு மூன்று முறை எழுதினேன், ஒவ்வொரு முறையும் விளம்பரத் தாளையே அனுப்புகிறீர்கள். அதில் ஒரு குழந்தை சுவரில் கிரேயானால் கிறுக்குகிறது, அம்மா சிரித்துக்கொண்டே துடைக்கிறார். அவர் கையில் உள்ள துணியின் மறுபக்கத்தை மட்டும் யாரும் காட்டவில்லை.

சரி, கெட்ட இடத்தையாவது தொட்டு ஒப்பேற்றிவிடலாம், அதற்குத்தானே இந்த ரகத்தை வாங்கினோம் என்று அதே குறியீட்டில் ஒரு லிட்டர் கலந்து வாங்கினேன். அடித்துக் காய்ந்ததும் லேசான ரோஜாச் சாயல் அடித்தது. ‘சுவர் பழசாகி நிறம் மாறியிருக்கும்’ என்றார்கள் உங்கள் வாடிக்கையாளர் சேவையில். நியாயமான சந்தேகம்தான். அதனால் ஒரு வெள்ளை அட்டையில் பழைய டப்பாவில் மிஞ்சியிருந்ததை ஒரு பாதியும், புது டப்பாவை மறு பாதியும் அடித்துப் பார்த்தேன். அட்டைக்கு ஏது பழசு? அதிலும் நடுவில் கோடு கிழித்தது போல இரண்டு நிறம். அப்புறம்தான் இரண்டு டப்பாவின் அடிப்பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறக் குறியீடு ஒன்றுதான்; பேஸின், அதாவது சாயம் கலப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயிண்டின், குறியீடு மாறியிருக்கிறது. பேஸை மாற்றிவிட்டு அதே சாயச் சொட்டுக் கணக்கைக் கலவை இயந்திரத்தில் வைத்திருந்தால் நிறம் எப்படிச் சேரும்? போதாததற்கு ஒரு லிட்டர் டப்பாவில் ஒரு சொட்டுக் கூடினாலும் தெரியும், பெரிய டப்பாவில் அது கரைந்துபோகும். வேலை தொடங்கும்போது எல்லா டப்பாவையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கி அடிக்கிறோம், அந்த அளவுக்கு எங்களுக்கும் தெரியும். இரண்டு வருஷம் கழித்து வாங்கும் டப்பாவை எதோடு கலப்பது?

இதற்கு உங்கள் தரப்பு சொன்ன தீர்வு, ‘மூலை முதல் மூலை வரை முழுச் சுவரையும் அடித்துவிடுங்கள்’ என்பது. அதைச் செய்யத் தயாராக இருந்தால் பழைய பளபளப்பு ரகத்தையே வைத்திருப்பேனே, விலையும் மிச்சமாகியிருக்கும். அந்த ரகம் இன்றும் அதே வீட்டின் சமையலறையில் இருக்கிறது. எண்ணெயும் புகையும் பட்டு வாரத்துக்கு ஒருமுறை துடைபடுகிற சுவர், ஆறாவது வருஷம், நிறம் அப்படியே நிற்கிறது. கடைசி இரண்டு வருஷம் துடைத்தது அதே அம்மா, அதே துணி. உங்கள் ஆய்வாளரைச் சமையலறைக்கு வரச் சொன்னேன், நேரமில்லை என்றார்.

நான் கேட்பது இவ்வளவுதான். கூடம், நடை இரண்டின் சுவர்களையும் உங்கள் செலவில் மறுபடி அடித்துத் தர வேண்டும், பெயிண்டும் கூலியும் சேர்த்து. மேட் வேண்டாம், பழைய லேசான பளபளப்பு ரகம் போதும். டச்-அப் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். ‘முறையற்ற பயன்பாடு’ என்ற வரியை அறிக்கையிலிருந்து எழுத்தில் நீக்க வேண்டும்; அந்த வரி என்மேல் மட்டும் விழவில்லை, குடியிருந்தவர்கள்மேலும் விழுகிறது. இந்த ரகத்தின் தேய்ப்புச் சோதனை வகுப்பு என்ன என்பதை எனக்குத் தெரிவிக்க வேண்டும். சோதனையே செய்யவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள். பேஸ் மாறும்போது பழைய குறியீட்டுக்கான புதிய கலவைக் கணக்கைக் கடைகளுக்கு அனுப்பும் வழக்கம் உண்டா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். என் மற்ற இரண்டு வீடுகளிலும் இதே குறியீடுதான் இருக்கிறது.

அடுத்த குடும்பம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, சுவர் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நாளுக்குள் உங்களிடமிருந்து ஆள் வராவிட்டால் நானே அடித்துவிட்டுச் செலவுச் சீட்டை உங்களுக்கு அனுப்புவேன். கதவுக்குப் பின்னால் நான் தேய்த்த அந்தச் சதுரத்தை மட்டும் தொடாமல் விட்டுவைக்கிறேன். யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கிய ரசீதுகள், இரண்டு டப்பாக்களின் பேட்ச் எண் படங்கள், அட்டை, வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அந்தப் பருத்தித் துணியும் என்னிடம்தான் இருக்கிறது, அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்