டர்னருக்கு ராடு, மேனேஜருக்கு ஊர்ப் பெயரா?
கோவை சிறுதொழில் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம்ங்க.

போன மாதம் பீளமேட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு வலப்பக்கம் ஒரு பவுண்டரி முதலாளி, இடப்பக்கம் பம்ப் கம்பெனி நடத்துகிற ஒருவர். ரசம் வருவதற்குள் இரண்டு பேருமே அந்த வரியைச் சொல்லிவிட்டார்கள். "ஆளே கிடைக்கறதில்லைங்க." நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டேன். கல்யாண வீட்டில் எதற்கு வாதம்? ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வரி காதிலேயே நின்றது. அதனால்தான் இந்த மடல்.

நான் 1994ல் ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத்தில் இரும்பைக் கடைகிற தொழில், முடித்தவன். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்பராக ஆரம்பித்து, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் டர்னர், சூப்பர்வைசர், பிறகு உற்பத்தி மேலாளர். கடைசி ஒன்பது வருடம் ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. எச்.ஆர். படித்தவன் இல்லை. முதன்முதலாக வேலை கேட்டு ஒரு கேட்டுக்கு வெளியே நின்ற அன்று என்னோடு 11 பேர் நின்றிருந்தார்கள். உள்ளே முதலாளி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், ஆளே கிடைப்பதில்லை என்று.

ஆள் பஞ்சமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஃபிட்டர் முடித்த பையன் சாப்பாடு டெலிவரிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் போவதை நானும்தான் பார்க்கிறேன். ஆனால் வந்தவர்களில் சரியான ஆளை நாமே திருப்பி அனுப்புகிறோம். உள்ளே இருக்கிற நல்ல ஆளையும் நாமே கெடுத்து வைக்கிறோம். இதில் எனக்கும் பங்கு உண்டு. சின்னப் பங்கு என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

டர்னர் வேலைக்கு ஒருவன் வந்தால் என்ன செய்கிறோம்? கையில் ஒரு ராடையும் ட்ராயிங்கையும் கொடுத்து மெஷினில் நிறுத்துகிறோம். டூலை எப்படிக் கட்டுகிறான், சென்டர் பார்க்கிறானா, முதல் கட் எடுத்ததும் மைக்ரோமீட்டரைத் தொடுகிறானா என்று தள்ளி நின்று கவனிக்கிறோம். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவன் யார் மகன் என்பது அந்த ராடுக்குத் தெரியாது. அளவு 0.02 மில்லிமீட்டருக்குள் வந்திருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கணக்கு.

அதே கம்பெனிக்கு ஒரு பர்ச்சேஸ் மேலாளர் வேண்டுமென்றால் கதையே வேறு. ஏசி ரூம், டீ, பிஸ்கட். "உங்களப் பத்திச் சொல்லுங்க." "சொந்த ஊரு எதுங்க?" "பொள்ளாச்சியா, அங்க எந்தப் பக்கம்?" "அப்பா என்ன பண்றாரு?" நாலாவது கேள்விக்குள் முடிவாகிவிடும். மீதி இருபது நிமிடமும் அந்த முடிவுக்குக் காரணம் தேடுகிற வேலைதான்.

'எந்தப் பக்கம்' என்று எதற்குக் கேட்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். பயோடேட்டாவில் இனிஷியல் மட்டும்தான். காகிதத்தில் இல்லாததை வாயைக் கிளறி வாங்க நாம் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கேள்வி. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு அறிஞர்கள் 2007ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதிகளோடு வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பம் போட்டுப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்று வைத்தால், நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. அங்கே பெயர் பார்க்கிற வேலையை இங்கே 'எந்தப் பக்கம்' பார்த்துக்கொள்கிறது. நானே அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பேச்சுக் கொடுப்பதற்காகத்தான் கேட்டேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு ஆய்வும் உண்டு. எந்த முறையில் ஆள் எடுத்தால் அவர் பிறகு நன்றாக வேலை செய்கிறார் என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2022ல் அமெரிக்காவில் பால் சாக்கெட் குழுவினர் எழுதியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, அங்கேயே மதிப்பெண் போடுகிற நேர்காணல்தான் பட்டியலில் மேலே வந்தது. வேலை பற்றிய அறிவைச் சோதிப்பதும், வேலையையே கொடுத்துப் பார்ப்பதும் அதற்குக் கீழே, மேல்வரிசையிலேயே வந்தன. வாய்க்கு வந்ததைக் கேட்கிற நேர்காணல் ரொம்பக் கீழே. 'எத்தனை வருஷ அனுபவம்' என்பது அதற்கும் கீழே! நாம் விளம்பரத்தில் முதல் வரியாகப் போடுவது அதைத்தான்.

டர்னருக்கு நாம் செய்வது சரியான காரியம். அதையே மேசை வேலைக்கும் செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் கம்பெனியில் ஒருமுறை செய்து பார்த்தோம். பர்ச்சேஸ் வேலைக்கு ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரிடமும் காஸ்டிங்குக்கு வந்த மூன்று கொட்டேஷன்களைக் கொடுத்து, எதை எடுப்பீர்கள், ஏன் என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். கோட்டு போட்டு வந்த ஒருவர், பேச்சில் எல்லோரையும் மடக்கியவர், கண்ணை மூடிக்கொண்டு கிலோ விலை குறைந்ததை எடுத்தார். வேறொரு கம்பெனி ஸ்டோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பி.காம். பெண் ஒருவர் மட்டும், அந்தக் குறைந்த விலையில் லாரி வாடகை சேரவில்லை என்று எழுதினார். இன்னொரு சப்ளையர் 90 நாள் கடன் தருவதாகச் சொல்லியிருந்தார். "இவர்கள் உத்யம் பதிவுள்ள குறுந்தொழில். 45 நாளுக்குள் பணம் தராமல் வருடக் கடைசி வரை இழுத்தால், அந்தச் செலவை இந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. 2024ல் அந்த விதி வந்தபோது ஊரெல்லாம் புலம்பினோமே, அதுதான். எங்கள் முதலாளி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். அந்தப் பெண்ணை வாயால் மட்டும் நேர்காணல் செய்திருந்தால் நான் எடுத்திருக்க மாட்டேன். ரொம்பக் கூச்ச சுபாவம். டீயைக்கூடத் தொடவில்லை.

அடுத்தது, உள்ளே இருப்பவர்களைக் கெடுக்கும் கதை.

2003ல் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். காரணம், அந்த ஷாப்பில் என் ரிஜக்‌ஷன்தான் மிகக் குறைவு. ஒரே நாளில் கம்பெனி நல்ல டர்னர் ஒருவனை இழந்து, மோசமான சூப்பர்வைசர் ஒருவனைப் பெற்றது. பையன் தப்பு செய்தால் எனக்குப் பொறுக்காது. அவனைத் தள்ளிவிட்டு நானே ஹேண்டிலைப் பிடித்து ஜாப்பை முடித்துக் கொடுப்பேன், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி திட்டிக்கொண்டே. ஆறு மாதத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்று ரிப்போர்ட் கொடுத்தேன். ஓய்வு பெறப் போகிற பழைய ஃபோர்மேன் ஒருவர்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "டேய், ஷிஃப்ட் முடியறப்ப உன்ற கையில எண்ணெய் இருக்கக் கூடாது." அன்றைக்குப் புரியவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வருடம் கழித்து, ஒரு பையன் தப்பான ஃபீடு (டூல் நகரும் வேகம்) வைத்ததைப் பார்த்தும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சத்தத்தைக் கேளு, என்ன தோணுது?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவன் தானே மாற்றினான். அதன்பின் இரண்டு வருடம் என்னிடம் இருந்தான்.

அதை எனக்கு எந்தக் கம்பெனியும் சொல்லித்தரவில்லை. பல லட்சம் போட்டு ஒரு வி.எம்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) வாங்கினால், அதை ஓட்டுகிறவனுக்கு மெஷின் கம்பெனியிலிருந்தே ஆள் வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். இருபது பேரை மேய்க்கிறவனுக்கு என்ன கொடுக்கிறோம்? ஒரு புது சட்டை, ஒரு மேசை. இன்னொன்று, சம்பளம் ஏற வேண்டுமென்றால் சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்ற விதியை யார் போட்டது? ஆளைக் கட்டி மேய்க்க விருப்பமில்லாத, ஆனால் கையில் தங்கம் வைத்திருக்கிற டர்னருக்கு மெஷினிலேயே நிற்கவிட்டு சூப்பர்வைசர் சம்பளம் கொடுங்களேன். "மத்தவன் கேப்பான்" என்பீர்கள். கேட்கட்டும். அந்த அளவுக்கு ஜாப் போட்டுக் காட்டினால் உனக்கும் உண்டு என்று சொல்லுங்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நம் மோட்டார் கம்பெனிகளில் காயில் வைண்டிங் பகுதிக்குப் போய்ப் பாருங்கள், வரிசையாக அவர்கள்தான். பதினைந்து வருடம் ஸ்டேட்டர் சுற்றியவர்கள், எரிந்த காயிலைப் பார்த்ததும் எங்கே ஷார்ட் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பகுதிக்கு சூப்பர்வைசர் யார்? போன வருடம் டிப்ளமா முடித்து வந்த பையன். அந்த அக்காக்களிடம் கேட்டுத்தான் அவனே வேலை கற்றுக்கொள்கிறான். அவர்களில் ஒருவரை அந்த மேசையில் உட்கார வைக்க நமக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கம்பெனியை விட்டு வந்த பிறகு, மகள் கேட்டுத்தான் உறைத்தது.

அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) விஷயம் உங்களுக்கே தெரியும். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். அதற்குக் கீழே நாலு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம். உதவித்தொகையில் 25 விழுக்காடு, மாதம் 1,500 ரூபாய் வரை, 2025ல் மத்திய அரசுத் திட்டத்தில் கிடைத்தது. மாநில அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் புது மெஷின்களை இறக்கியிருக்கிறது. ரோபோ பார்த்துவிட்டு வருகிற பையனை நாம் ஒரு வருடம் பர் (ஓரப் பிசிறு) எடுக்க உட்கார வைத்தால் அவன் ஏன் நிற்பான்? பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக்கும் கல்லூரியும் நடந்த வளாகத்திலேயே பவுண்டரியும் பம்ப் ஷாப்பும் ஓடிய ஊர் இது. கற்றுக்கொடுப்பது நமக்குப் புதிதில்லை. சோம்பல்தான்.

வடக்கிலிருந்து வந்த தம்பிகளைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடக்கத்தியர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோ வதந்தி கிளம்பி, ஹோலிக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று நாம் எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் லைனில் ஒரு சூப்பர்வைசர், ஆறு மாதமாக அவர்களோடு ஒரே தட்டில் சப்பாத்தி தின்றவன், அரைகுறை இந்தியில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டு அம்மாக்களிடம் பேசினான். அவன் ஆட்கள் அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள். பக்கத்து லைனில் பாதிதான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன்.

1998ல் நான் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைத்தேன். மாதம் 700 ரூபாய் கூட. என் ஐ.டி.ஐ. சான்றிதழின் அசல் பழைய கம்பெனி பீரோவில் இருந்தது. "அப்புறம் வாங்க, அக்கவுண்டன்ட் லீவு" என்று 14 மாதம் இழுத்தார்கள். புது இடத்துக்கு அவர்களே போன் போட்டு, "நம்ம ஆளுங்க அவன், எடுக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டார்கள். முதலாளிகளுக்குள் அது ஒரு மரியாதை. எனக்கு அது தங்கச்சி கல்யாணம் தள்ளிப்போன வருடம். 14 மாதமும் அங்கேயே வேலை பார்த்தேன். எப்படி வேலை பார்த்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு நானே மேலாளராக உட்கார்ந்த அறையிலும் அப்படி, ஆட்களின் அசல் சான்றிதழ்களை வைத்த ஒரு பச்சை ஃபைல் இருந்தது. ஒன்பது வருடம் அதற்குச் சாவி என்னிடம்தான். ஆள் ஓடிவிடக் கூடாதே என்று நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன். வேலையை விடுவதற்கு முந்தின வாரம்தான் திறந்து கொடுத்தேன்.

உங்கள் ஆபீஸ் பீரோவிலும் அந்த ஃபைல் இருக்கும். வருகிற திங்கட்கிழமை கீழே இறக்குங்கள். நகல் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். வேலையை விட்டுப் போனவர்களுடையதும் இரண்டு மூன்று கிடக்கும். போன் நம்பர் மாறியிருந்தால் கூட வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், அவர்களிடம் இருக்கும்.

இப்படிக்கு,
பழைய டர்னர் ஒருவன்,
சுந்தராபுரம்