பெற்றோருக்கு: திருவருகைக் காலக் கடிதம்

திருப்பூர்
நவம்பர் 28, 2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற ஞாயிறு, நவம்பர் 30 அன்று திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளும் சேர்ந்த காலம் இது. நம் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். மாலை போட்டு விரதம் இருக்கும் அப்பாக்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளை எதிர்பார்த்து வாயையும் மனதையும் கட்டி இருப்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

இந்த வருஷம் கொண்டாட்டப் பேச்சை எடுக்கவே தயக்கமாக இருக்கிறது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதில், அந்த நாட்டு ஆர்டர்களை நம்பியிருந்த பனியன் கம்பெனிகளில் வேலை குறைந்துவிட்டது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள் வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் போதும் என்கிறார்கள். செக்கிங்குக்கும் கைமடிக்கும் போகிற அம்மாக்கள் பலருக்கு அதுவும் இல்லை. தீபாவளிக்கு ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போன சில பிள்ளைகள் இன்னும் திரும்பவில்லை. “அடுத்த மாசம் கட்டீர்றனுங்க” என்று அலுவலக வாசலில் தயங்கி நிற்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு ஓர் ஆறுதல் எப்போதும் தயாராக இருக்கும்: “2011-லயே தாண்டி வந்துட்டோம், இதென்னங்க!” அந்த வருஷம் ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூரே முடிந்தது என்றுதான் பேச்சு. (சாயக் கழிவால் நொய்யல் ஆறு இருந்த நிலைக்கு அந்த உத்தரவு வராமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். அது வேறு கதை.) ஊர் மீண்டது உண்மை. ஆனால் மிஷினை விற்றுவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போன குடும்பங்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அதனால் “எல்லாம் சரியாகிவிடும்” என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிறிஸ்தவர்கள் ‘எதிர்நோக்கு’ என்று சொல்லும் நம்பிக்கையும் அப்படியொரு உறுதியைத் தருவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை சிறப்பு ஆண்டாகக் கொண்டாடும் இந்த யூபிலி ஆண்டு முழுக்க ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்று பேனர் கட்டிக் கட்டி, நாமே அதைக் கொஞ்சம் லேசாக்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது.

டிசம்பர் 14 அன்று பூசையில் மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள். திருமுழுக்கு யோவான் ஏரோது மன்னனின் சிறையில் கிடக்கிறார். மெசியா, அதாவது கடவுள் அனுப்பும் மீட்பர், வரப்போகிறார் என்று ஆற்றங்கரையில் நின்று முழங்கியவர். இப்போது தன் சீடர்களை இயேசுவிடம் அனுப்பிக் கேட்கிறார்: வரவேண்டியவர் நீர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா?

அந்த ஞாயிறுக்கு மகிழ்ச்சியின் ஞாயிறு என்று பெயர். ஊதா மெழுகுவர்த்திகளுக்கு நடுவே ரோஸ் நிற மெழுகுவர்த்தியை ஏற்றும் நாள். அன்றைக்குப் போய், மனம் தளர்ந்த ஒரு கைதியின் கேள்வியை வாசிக்கச் சொல்கிறது திருச்சபை. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ‘நான்தான்’ என்று நேராகவும் சொல்லவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள், பார்வையற்றவர்கள் பார்க்கிறார்கள், நடக்க முடியாதவர்கள் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி போய்ச் சேர்கிறது என்கிறார். யோவானுக்குச் சிறைக் கதவு திறக்கவே இல்லை. அங்கேயே அவரைக் கொன்றார்கள். ஆனாலும் வெளியே கடவுளின் வேலை நடக்கிறது என்ற சேதி அவருக்கு அனுப்பப்பட்டது. நான் எதிர்நோக்கு என்று பற்றிக்கொண்டிருப்பது இதைத்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். “சாமி இருந்தா அப்பாவுக்கு ஏன் வேலை இல்ல?” என்று பிள்ளை கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். யோவானே கேட்டிருக்கிறார்.

கண்டதைச் சொல்லச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். வேலை இல்லாத நாட்களில் நம் டெய்லர் அப்பாக்கள் இரண்டு பேர் பள்ளிக்கு வந்து கிழிந்த சீருடைகளைத் தைத்துத் தருகிறார்கள். யாரும் கேட்கவில்லை.

திங்கள்கிழமை காலை வழிபாட்டில் திருவருகை வளையத்தை வைக்கிறோம். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திவந்த யோகான் விக்கேர்ன் என்ற போதகர் தொடங்கிய வழக்கம் இது. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். நம் எட்டாம் வகுப்புக்காரர்கள் பழைய சைக்கிள் ரிம்மில் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் கோணல்தான். பரவாயில்லை.

கிறிஸ்துமஸ் விழாவுக்குப் புதுத் துணி வேண்டாம், சீருடையே போதும். கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் பரிசும் இந்த வருஷம் கிடையாது. ஸ்டார்களைக் கட்டிங் வேஸ்ட் துணியில் பிள்ளைகளே செய்வார்கள். அப்புறம், அரையாண்டு விடுமுறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கம்பெனிகளுக்குப் பிசிறு வெட்ட அனுப்பிவிடாதீர்கள். வீட்டு நிலைமை அந்த அளவுக்கு இருந்தால் முதலில் என்னிடம் வாருங்கள். கட்டணம் பாக்கி என்பதற்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்த மாட்டோம், தேர்வும் எழுதலாம்.

சனிக்கிழமைகளில் சம்பளம் வாங்கிய கையோடு வருகிறவர்களுக்காக இரவு எட்டு மணி வரை அலுவலகத்தில் இருப்பேன். பணம் கொண்டுவர வேண்டும் என்றில்லை, பேசிவிட்டுப் போகவும் வரலாம்.

இறையாசீருடன்,
தலைமையாசிரியர்