செட்டில்மெண்ட் பத்திரத்தில் விடுபடும் ஒரு வரி

ஆசிரியருக்கு,

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுக்கும் பெற்றோர் பலர், ‘அன்பின் காரணமாக’ என்ற வழக்கமான வாசகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவுப்படி, பிள்ளைகள் கவனிக்கத் தவறினால் தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொத்து கொடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். 2022இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. 2025 தீர்ப்பொன்று சற்றுத் தாராளமாகப் பார்த்தாலும், எழுத்தில் இருப்பதற்கு ஈடில்லை. உணவு, மருத்துவச் செலவு, அதே வீட்டில் ஆயுள்வரை வசிக்கும் உரிமை ஆகியவற்றைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் எதுக்குங்க?’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அவசரமில்லை என்றால் உயிலே மேல். உயிரோடிருக்கும்வரை சொத்து உங்களுடையது; மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது தேவைப்படுவார்.

வங்கி டெபாசிட்டுக்கு நாமினி போட்டாயிற்றே என்றும் இருந்துவிடக் கூடாது. நாமினி பணத்தை வாங்கிவைப்பவர் மட்டுமே. அது உயிலில் உள்ளவருக்கோ, உயில் இல்லையென்றால் வாரிசுகளுக்கோதான் சேரும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்