வில்லங்கத்தில் நின்ற ஒரு வரி

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு, "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் மாப்பிள்ளையிடம் பாதிதான் போய்ச் சேரும். அதனால் எழுதுகிறேன். இருவரும் உட்கார்ந்து படியுங்கள்.

சென்னை சேலையூரில் இருக்கும் உன் ஃபிளாட்டுக்கு 65 லட்சம் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். அதில் 15 லட்சம் ரொக்கம். நாளைக்கே அட்வான்ஸ், இந்த மாதமே பதிவு. "நாம் விற்கிறவர்கள்தானே அப்பா, பார்த்து வாங்க வேண்டியது அவர் கவலை" என்றாய். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு முப்பத்தொரு வருடம் பத்திரம் எழுதியவன் நான். விற்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் இதையேதான் சொன்னார்கள். நம் வீட்டை விற்றபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்போது உனக்குப் பிரசவ நேரம். முழுக்கதையையும் உன்னிடம் சொல்லவில்லை.

1988-இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் மாடி கட்டினேன். வீட்டை அடமானமாக எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தேன். 1999-இல் கடைசித் தவணையைக் கட்டி, பத்திரங்களை வாங்கி வந்து மஞ்சள் பையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். கடன் தீர்ந்ததற்குச் சங்கம் ஒரு ரசீது எழுதிக் கொடுக்க வேண்டும், அதையும் பதிவு செய்ய வேண்டும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொன்ன நான், என் ரசீதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை பதினேழு வருடம் வரவில்லை.

2016-இல் வீட்டுக்கு ஆள் வந்தார். நல்ல விலை. அவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர், வீட்டின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் வரிசையாக இருக்கும் வில்லங்கச் சான்றிதழை எடுத்தார். நான்காவது வரியில் என் அடமானம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவர் பேனாவால் அதன் கீழே ஒரு கோடு போட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். 'பத்திரம் எழுதுகிறவர்தானே நீங்கள்' என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சங்கத்தில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. பேரேட்டைத் தேடி எடுக்கவே நான்கு மாதம் நடந்தேன். அதற்குள் வந்தவர் வேறு வீட்டை வாங்கிவிட்டார். அடுத்து வந்தவர் என் முகத்தைப் பார்த்தே இரண்டு லட்சம் குறைத்தார். உன் தம்பிக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. கொடுத்துவிட்டேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நேற்று இரவே பதிவுத்துறை இணையதளத்தில் உன் ஃபிளாட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். 2014-இல் உன் கிரயம். அடுத்த வரியில் வங்கிக்குப் பத்திரம் ஒப்படைத்த ஆவணம். கடன் 2021-இல் முடிந்தும் ரசீது இல்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். வங்கிக் கிளைக்கு இன்றே எழுது. ரசீது பதிவாகும்வரை அட்வான்ஸ் என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்தது அந்த 15 லட்சம். பத்திரத்தில் 50 லட்சம் மட்டும் காட்டினால் அந்த 15 லட்சத்துக்கான முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அவருக்குக் குறையும். லாபம் அவருக்கு, தலைவலி உனக்கு. வீடு, மனை விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அட்வான்ஸுக்கும் அதே விதிதான். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும். அது போகட்டும், கணக்கில் வராத 15 லட்சத்தை நீ மெல்போர்னுக்கு எப்படிக் கொண்டுபோவாய்? என் டிரங்குப் பெட்டியிலா? எல்லாப் பணமும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று இங்கே இருக்கும் உன் என்.ஆர்.ஓ. கணக்குக்கு வங்கி வழியாகவே வரட்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் வேறு வீடு பார்க்கட்டும்.

வரி விஷயம்தான் உன்னைப் போன்றவர்களை அதிகம் கடிக்கிறது. உள்ளூர்க்காரர் 50 லட்சமோ அதற்கு மேலோ பெறும் வீட்டை விற்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்துக்கொண்டால் போதும். விற்கிறவர் வெளிநாட்டுவாசி என்றால் கணக்கே வேறு. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது பல வருடம் வைத்திருந்த சொத்தை விற்று வரும் லாபத்துக்கு, 12.5 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரிகள். அதையும் லாபத்தின் மேல் அல்ல, முழு விலையின் மேலேயே பிடித்துவிடுவார்கள். 65 லட்சத்துக்கு எல்லாம் சேர்ந்து ஒன்பது லட்சத்தைத் தாண்டும். நீ வாங்கிய விலை 38 லட்சம், லாபம் 27 லட்சம் என்று வைத்துக்கொண்டால் உண்மையில் வர வேண்டிய வரி மூன்றரை லட்சம்தான். மிச்சத்தைத் திரும்பப் பெற வரிக்கணக்குத் தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறைவாகப் பிடிப்பதற்கான சான்றிதழை வருமானவரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். "இந்த மாதமே பதிவு" என்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஆடிட்டரிடம் பேசிவிட்டேன். மாப்பிள்ளை அவரை ஒருமுறை கூப்பிடட்டும். நீ வெளிநாட்டில் இருப்பதை வாங்குகிறவரிடமும் இப்போதே சொல்லிவிடு. தெரியாமல் 1 சதவீதம் பிடித்துவிட்டால் பின்னால் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். சண்டைக்கு அவர் நம் வீட்டு வாசலுக்கு வருவார்.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுகிற இடம். உன் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார். அதில் இருப்பது மனையின் பிரிபடாத பாகத்துக்கான, அதாவது அடியில் இருக்கும் நிலத்தில் உன் பங்குக்கான விலை மட்டும், 9 லட்சம். மீதி 29 லட்சம் கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ஒப்பந்தமும் கட்டுநருக்குப் பணம் கட்டிய ரசீதுகளும் தொலைந்துபோனால் நீ வாங்கிய விலை 9 லட்சம்தான் என்று ஆகிவிடும். மிச்சம் அத்தனைக்கும் வரி. ஒப்பந்தம் உன் மாமியார் வீட்டுப் பீரோவில் இருப்பதாக ஞாபகம். வீடு துப்புரவு செய்கிறேன் என்று அந்த அம்மாள் எதையாவது பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்குள் கேட்டு வாங்கிவிடு.

விலையைப் பற்றி உன்னோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. மாடுலர் கிச்சனுக்குப் போட்ட ஆறு லட்சத்தை எவரும் திருப்பித் தரமாட்டார். பக்கத்து பிளாக்கில் 75-க்குப் போனது என்பது புரோக்கர் சொன்ன கதை. பத்திர நகலைப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை. குளியலறைச் சுவரின் ஓதத்தை மட்டும் பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம். தெரிந்த குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. சரிசெய்ய கொத்தனாரை அனுப்புகிறேன்.

கிரய ஒப்பந்தத்தை நான் எழுதுகிறேன். மூன்று மாதக் கெடு. கெடுவுக்குள் பணம் வராவிட்டால் அட்வான்ஸ் என்னவாகும் என்பதையும் எழுதிவிடுவேன். நம் மாநிலத்தில் 2012 முதல் ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். அது வில்லங்கத்தில் ஏறும். பேரம் முறிந்தால் ரத்துப் பத்திரம் பதிவாகும்வரை வேறு யாரும் உன் வீட்டைத் தொடமாட்டார்கள். அதனால்தான் 'நல்ல மனிதராகத் தெரிகிறார்' என்பதை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடக் கூடாது. என் மேசைக்கு வந்தவர்கள் எல்லாருமே நல்ல மனிதர்களாகத்தான் வந்தார்கள். அப்படித்தான் வீட்டை விற்ற ஓர் ஆசிரியர், வாங்க வந்தவர் பொங்கலுக்குப் பால் காய்ச்ச ஆசைப்படுகிறார் என்று அட்வான்ஸ் வாங்கியதோடு சாவியையும் கொடுத்தார். வந்தவர் பால் காய்ச்சினார், குடியும் ஏறினார், பாக்கியை மட்டும் தரவில்லை. நான் ஓய்வு பெறும்போதும் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

நீ வர முடியாவிட்டால் எனக்குப் பவர் எழுதிக் கொடு. இந்த ஒரு ஃபிளாட்டை விற்பதற்கு மட்டும் என்று இருக்கட்டும். பொதுப்படையாக வேண்டாம், அப்பனாகவே இருந்தாலும். வாசகத்தைத் தனியே அனுப்புகிறேன். மெல்போர்ன் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கி, மூலத்தைக் கூரியரில் அனுப்பு. இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். பதிவின்போது நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்கும் சான்று கேட்பார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லாதே, அழுவாள்.

பதிவு நாளன்று சாவி என் சட்டைப்பையில் இருக்கும். பிடித்த வரி போக மீதித் தொகை முழுவதும் கணக்கில் ஏறிவிட்டது என்று நீ போனில் சொன்ன பிறகே கைரேகை வைப்பேன். அங்கே மாலையாகிவிடும், தூங்கிவிடாதே.

குடியிருப்புச் சங்கத்துக்குப் பராமரிப்புப் பணமும் சொத்து வரியும் கட்டிவிட்டேன். ரசீதுகள் இதனுடன் இருக்கின்றன. மின் இணைப்பு இன்னும் கட்டுநர் பெயரிலேயே இருப்பதைப் பார்த்தேன். அதை நான் மாற்றிவைக்கிறேன், உன் ஆதார் நகல் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அப்பா