தொட்டி லாவெண்டர்

அன்பு மகளுக்கு,

பால்கனிக்கு லாவெண்டர் வாங்கப்போவதாகச் சொன்னாய். சமையலுக்கும் எடுப்பதானால் சீட்டில் 'அங்குஸ்டிஃபோலியா' என்ற இனப்பெயர் இருக்கிறதா பார். அதில் ஹிட்கோட், மன்ஸ்டட் என்ற இரண்டு வகையும் தொட்டிக்கு அடக்கமானவை. குரோசோ என்ற கலப்பு வகைக்கு வாசம் தூக்கல்தான், ஆனால் கற்பூர நெடி அடிக்கும். அலமாரிக்கு மட்டும் சரி. கடையில் மருந்து அடித்திருப்பார்கள், முதல் வருசப் பூவைச் சாப்பிடாதே.

இங்கிலாந்துக் குளிரை அது தாங்கும். மாரிகால ஈரம்தான் வேரை அழுகவைத்துக் கொல்லும். 30 செ.மீ. சுட்டமண் தொட்டி எடுத்து, மூன்று பங்கு தொட்டி மண்ணுக்கு ஒரு பங்கு சிறுகல் கலந்து, ஏப்ரல் கடைசியில் நடு. அடியில் தட்டு வேண்டாம். ஆறு மணி நேர வெயிலாவது படவேண்டும். உரம் போட்டால் இலை கொழுக்கும், பூ குறையும். செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதே, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார். ஈரம் இருந்தும் வாடுகிறதென்றால் வேர் அழுகுகிறது.

பூக்காம்பில் கீழ்ப்பூக்கள் இரண்டு மூன்று விரிந்ததும், பனி காய்ந்த காலையில் வெட்டு. சிறு கட்டாக ரப்பர் பட்டி போட்டுக் கட்டு. காயும்போது காம்பு சுருங்கும், நூல் கட்டு நழுவிவிடும். இருட்டான, காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் தலைகீழாகத் தொங்கவிடு. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும்.

பிஸ்கட்டுக்கு 150 கிராம் மா, 100 பட்டர், 50 சீனி. காய்ந்த மொட்டு தட்டையாக ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் போனால் சவர்க்காரம் மாதிரி இருக்கும். மொட்டைச் சீனியோடு சேர்த்து அரைத்துவிட்டால் பல்லில் அகப்படாது. 160 பாகையில் இருபது நிமிடம், ஓரம் மட்டும் சிவக்கட்டும். பாலில் போடுவதானால் கொதிக்க விடாதே, கசந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டு, பத்து நிமிடத்தில் வடித்துவிடு. வாசனை எண்ணெயை உணவில் ஒரு சொட்டும் சேர்க்கக்கூடாது. அந்த எண்ணெய் பூனைக்கும் ஆகாது. பூனை இருக்கும் வீட்டில் அதை ஆவியாக்கும் கருவி வைக்காதே. மிஞ்சிய மொட்டைப் பருத்திப் பையில் கட்டிக் கம்பளி உடுப்புகளுக்குள் வை, வாசம் குறைந்தால் பையைக் கசக்கிவிடு.

கத்தரிப்பதில்தான் செடி பிழைப்பதும் சாவதும். ஓகஸ்டில் பூ முடிந்ததும், காம்போடு இலைப்பகுதியிலும் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டு. இதைச் செய்யாமல் விட்டால் செடியின் நடுப்பகுதி மரமாகி, கிளை சாய்ந்து பிளக்கும். சாம்பல் பச்சைத் துளிர் இருக்கிற இடத்துக்கு மேலே மட்டும் கத்தி படட்டும். இலையில்லாத பழுப்புக் கட்டையில் வெட்டினால் அது பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. வெட்டுமுன் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு, எதுவரை என்று கோடு போட்டுத் தருகிறேன்.

அம்மா